முறுக்குக்கு ஐந்து நட்சத்திரம்

1

நாளை மலர்விழிக்கு ஒரு வயது நிறைகிறது. புனே பக்கம் ஆகுர்டியில் விழா. அவளுடைய அம்மா ரேவதி, கல்லூரி விடுதியில் எனக்கு மூத்தவள், காலையிலிருந்து போன்மேல் போன் செய்கிறாள். "கேக்கும் உண்டு, கேசரியும் உண்டு. வராம இருந்து பாரு, உன் தளத்துலயே உன்னைப் பத்தி எழுதிப்போடறேன்." இந்த மிரட்டலுக்கு நான் நிஜமாகவே பயப்படுகிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் குறிப்புகள்.

எழுதும் இடம், ஹிஞ்சேவாடியிலிருந்து திரும்பும் அலுவலக வண்டி. அது ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் எழுத வசதி. இப்போதும் நிற்கிறது. பின்னால் இரண்டு பேர் மராத்தியில் கிரிக்கெட் பேசுகிறார்கள். ஓட்டுநர் இறங்கிப்போய்ப் பக்கத்து வண்டி ஓட்டுநரோடு டீ குடிக்கிறார். முன் இருக்கையில் ஒருவர், தினமும்போலத் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்குகிறார். பெயர் தெரியாது. பாணேரில் இறங்குகிறவர் என்பது மட்டும் தெரியும்.

என் ஊர் திருச்சியில் யாரைப் பார்த்தாலும், "அங்க எல்லாம் எப்படிம்மா?" என்று ஏதோ நான் கடல் கடந்து போனதுபோலக் கேட்கிறார்கள். கடலும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. ஆனாலும் வந்த புதிதில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, நான் இருக்கிறேன் என்பதையே நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. வங்கி முகவரிச் சான்று கேட்டது. முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்குக் காவல் நிலையத்தின் ஒப்புதல், அங்கே போனால் "உங்களைத் தெரிந்த உள்ளூர்க்காரர் யார்?" வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாதவளை யாருக்குத் தெரியும்? அவுந்தில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள், அதுவரை நான் போஹா என்கிற அவல் உப்புமா சாப்பிட்டதைத் தவிர என்னைப் பற்றி ஒன்றும் அறியாதவர், காவலர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "நல்ல பெண். எனக்கு நன்றாகத் தெரியும்" என்றார். அவ்வளவுதான், நான் இருக்க ஆரம்பித்தேன். வெளியே வந்ததும் அவருக்கு இந்தியில் நன்றி சொன்னேன். பாடப்புத்தகத்து இந்தி. அவரை 'நீ' என்றும் அவருடைய நாயை 'தாங்கள்' என்றும் அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. நாய்க்கு என்னை மிகவும் பிடித்துப்போனது.

ஒருவர் சொல்லால் இன்னொருவர் ஊருக்குள் ஏற்கப்படுவது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பின்னால் அதையே மென்பொருளாக எழுதப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

2

அலுவலகத்தில் என் பெயர் 'தத்துவம்'. இளங்கலையில் தத்துவம் படித்துவிட்டு அதன்பின் எம்.சி.ஏ. சேர்ந்தவள் என்பதால். வேலைக்கான நேர்காணலில், "தத்துவத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். "ரெண்டுலயும் உண்மை, பொய் தவிர மூணாவது கிடையாது சார்" என்றேன். சிரித்து வேலை கொடுத்தார்கள். அந்தப் பதில் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா. நான் எழுதும் நிரல்களைச் சோதித்துப் பிழை பிடிப்பது அவள் வேலை. இங்கேயே, புனே கட்கியில் பிறந்தவள். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. அவள் தமிழில் இந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்திருக்கும். படிக்க ஒரு எழுத்தும் தெரியாது. "எனக்குத் தமிழு வாயில மட்டும்தான் கீது, கண்ணுக்கு வரல" என்பாள். அவள் அண்ணன் பிள்ளைகளுக்கு அந்த வாயும் போய்விட்டது. அவர்கள் ஸ்டெல்லாவிடம் இந்தியில் கேட்பார்கள், அவள் தமிழில் பதில் சொல்வாள், அவர்கள் மராத்தியில் சண்டை போடுவார்கள். வீடு கலகலவென்று இருக்கும்.

அந்த வீட்டில்தான் எங்கள் இணையத்தளம் பிறந்தது. புனேயில் இருக்கும் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போன் வந்தாலும், நலம் விசாரித்த அடுத்த வரி, "அங்கேருந்து யாராவது வர்றாங்களா?" என்பதுதான். வருகிறவர் கையில் பருப்புப்பொடி, முறுக்கு, ஊறுகாய், தைத்த ரவிக்கை, பிள்ளைக்குக் கொலுசு. கூரியரில் போட்டால் முறுக்கு நொறுங்கும், கொலுசு காணாமல் போகும் என்பது ஊரார் முடிவு. ஆள் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். ஆனால் எந்த ஆள், எந்த நாள், எந்த ரயில் என்பதை அறிய எத்தனையோ போன்கள். இதை ஒரே இடத்தில் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். ஸ்டெல்லா தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டினாள். ஞாயிறுதோறும் அவள் அம்மா வெல்லம் போட்ட சாம்பார் பரிமாற, நாங்கள் தட்டச்சு செய்தோம். பெயர் 'வழித்துணை'. அப்போது பாதிக் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். ஸ்டெல்லாவுக்கு ஏக மகிழ்ச்சி. முதல்முறையாகத் தமிழ் படிக்கிறாளாம்.

3

நம்பிக்கையை எப்படி நிரலாக எழுதுவது? மற்ற தளங்களைப் பார்த்து நானும் நட்சத்திரம் வைத்தேன். பொருளைக் கொண்டுவந்தவருக்கு, பெற்றுக்கொண்டவர் ஒன்று முதல் ஐந்துவரை போடலாம். சராசரியைத் தளம் கணக்கிட்டு அவர் பெயருக்குப் பக்கத்தில் மின்ன வைக்கும்.

எல்லாரும் எல்லாருக்கும் ஐந்து போட்டார்கள். பிம்பிரியில் ஒருவருக்கு மாங்காய் ஊறுகாய் ஊற்றிப் புதுப் புடவையே நாசம். அவரும் ஐந்து. ஏன் என்று கேட்டேன். "நம்ம ஊர்க்காரப் பையனுக்கு நாலு போட்டுட்டு, நாளைக்கு எந்த முகத்தோட பேசறது?" என்றார்.

இந்த ஐந்துகளின் கூட்டத்தில் உச்சியில் இருந்தவன் கார்த்தி. கோயம்புத்தூர்க்காரன், ஹிஞ்சேவாடியில் வேறொரு நிறுவனம், அடிக்கடி ஊருக்குப் போய்வருபவன். முறுக்கு டின்னைத் தன் போர்வையில் சுற்றிவிட்டுத் தான் குளிரில் நடுங்கிக்கொண்டு வருவான். அவன் கொண்டுவந்த முறுக்கில் ஒன்றுகூட உடைந்ததில்லை. அவனுக்குப் போடப்பட்ட அத்தனை நட்சத்திரமும் நியாயமானது.

ஸ்டெல்லாதான் ஒருநாள் மூக்கைச் சொறிந்தாள். "தத்துவம், இந்த ஸ்டாரு மத்லப் இன்னா?"

"நம்பலாம்னு அர்த்தம்."

"எதுக்கு நம்பலாம்?"

"பொதுவா நம்பலாம்."

"பொதுவான்னு ஒண்ணு கீதா? நான் எங்கண்ணன பைக்கு ஓட்ட நம்புவேன், பைக்கு வாங்க கடன் குடுக்க நம்ப மாட்டேன். அவனுக்கு எத்தினி ஸ்டாரு?"

அவள் எல்லாவற்றிலும் பிழை பிடிக்கிறவள் என்று சிரித்துவிட்டு, இரண்டாவது முறை சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

4

போன வருடம் ரேவதி அக்காவுக்குத் தலைப்பிரசவம். பவானியில் அம்மா வீட்டுக்குப் போக எல்லாம் தயார். கடைசி நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. ரயில் பயணம் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் மூர்த்தி அண்ணன் ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஷிப்டு மாறி மாறி வரும், விடுப்புக் கிடைப்பது கஷ்டம். ஆகவே மகள் அம்மாவிடம் போவதற்குப் பதில் அம்மா மகளிடம் வர வேண்டும். சரஸ்வதி அம்மா ஈரோட்டைத் தாண்டி ரயிலில் போனதில்லை. தமிழ் தவிர வேறு மொழி இல்லை. கையில் போன் இல்லை.

அக்காவைப் பார்க்கப் போனபோது, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அழுதாள். விடுதியில் வார்டனையே அழவைத்தவள் அவள். அதனால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அம்மா முகத்தைப் பார்க்காம நான் ஆஸ்பத்திரிக்குள்ள போகமாட்டேன்டி. சொல்லிட்டேன்."

"அதுக்குத்தானே அக்கா நம்ம தளம் இருக்கு?"

அந்தத் தேதியை ஒட்டிக் கோயம்புத்தூர் ரயிலில் வருகிறவர்கள் என்று தேடினேன். இரண்டு பதிவுகள் கிடைத்தன. ஒன்று கார்த்தி, முழு ஐந்து. இன்னொன்று ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, கடக்வாஸ்லாவில் மகன் வீட்டுக்கு வருகிறவர்கள். புதிதாகச் சேர்ந்ததால் ஒரு நட்சத்திரமும் இல்லை.

"யாரைடி நம்பறது?" என்றாள் அக்கா.

"தளம் கார்த்தியைச் சொல்லுது அக்கா."

இந்த ஒரு வாக்கியத்தை அதன்பிறகு எவ்வளவோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். தளம் சொல்லுது!

5

ரயில் மதியச் சாப்பாட்டு வேளைக்குப் புனே வரும். நானும் ஸ்டெல்லாவும் அரை நாள் விடுப்பு எடுத்துப் போய், கார்த்தி சொல்லியிருந்த பெட்டி நிற்கும் இடத்தில் மாலை போடாத குறையாக நின்றோம். ரயில் வந்தது. அந்தப் பெட்டியில் இருந்து ஊரே இறங்கியது, சரஸ்வதி அம்மாவைத் தவிர. உள்ளே ஏறிப் பார்த்தோம். அந்த இருக்கைகளில் யாரோ ஒரு குடும்பம் கடலை உரித்துக்கொண்டிருந்தது. கார்த்தியின் போன் அணைந்திருந்தது. நாங்கள் அடுத்த பெட்டிக்கு ஓடினோம், அதற்கடுத்த பெட்டிக்கு ஓடினோம். ரயில் கிளம்பிவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் மூர்த்தி அண்ணனிடமிருந்து போன். "வலி எடுத்துருச்சுமா. நர்சிங் ஹோமுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ஆட்டோவ விட்டு இறங்க மாட்டேங்கிறா. அத்தை எங்க?"

"வந்துட்டே இருக்காங்க அண்ணா" என்றேன். எங்கே என்று எனக்கே தெரியாது.

நடந்தது பின்னால் தெரிந்தது. ஈரோட்டில் ஏறியதும், அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமென்று கார்த்தி அலைந்து, வேறு பெட்டியில் ஒரு குடும்பத்தோடு இடம் மாற்றிக்கொண்டிருக்கிறான். வழியெல்லாம் தண்ணீர், டீ, இட்லி என்று ஓடி ஓடிக் கவனித்திருக்கிறான். அந்தக் களைப்பில் மறுநாள் மதியம், தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு மேல் படுக்கையில் ஏறியவன் உலகத்தை மறந்துவிட்டான். புனே வந்ததும் சரஸ்வதி அம்மா எட்டி அவன் காலைப் பிடித்து உலுக்கினார். "தம்பி, சனமெல்லாம் எறங்குதுங்களே, பூனாங்களா?" அவன் கண்ணைத் திறக்காமலே தெளிவாகப் பதில் சொன்னான்: "இன்னும் ரெண்டு ஸ்டேசன் இருக்குங்கம்மா." அம்மா நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அடுத்த போன் ஏதோ ஒரு பொதுத்தொலைபேசியிலிருந்து வந்தது. பின்னணியில் ஒருவர் 'சிக்கி, சிக்கி' என்று கடலைமிட்டாய் விற்றுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு சின்ன விசயமுங்க..." கார்த்தியின் குரல்.

"எங்க இருக்கீங்க?"

"லோணாவளாவுங்க."

புனே தாண்டி, மலை ஏறி, மும்பைப் பக்கம் போய்விட்டார்கள். ஸ்டெல்லா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அடுத்து அவள் பேசியதில் எழுதக்கூடியது கொஞ்சம்தான். "அரே கும்பகர்ணா! அம்மாவ உட்டுட்டு எறங்கிட்டியா, கூட கீறாங்களா? கீறாங்களா? சரி, அழுவாத. எதுத்தாப்புல லோக்கல் நிக்கும் பாரு, அத புடி. புனே வராத. மத்தியிலேயே ஆகுர்டி வரும், அங்க எறங்கு. தூங்கினே, உன்ன ரயிலோட கட்டி உட்ருவேன்."

நாங்களும் எதிர்த்திசை லோக்கலில் ஏறினோம். கட்கி, தாபோடி, பிம்பிரி... ஒவ்வொரு நிலையத்திலும் ஸ்டெல்லா யாருக்கோ மராத்தியில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆகுர்டியில் நாங்கள் இறங்கியபோது பெட்டியே எங்களுக்குக் கையசைத்தது.

கொஞ்ச நேரத்தில் லோணாவளா வண்டி வந்தது. முதலில் ஒரு முறுக்கு டின் இறங்கியது, போர்வை சுற்றியபடி. பிறகு கார்த்தி, முகம் செத்துப்போய். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சரஸ்வதி அம்மா. யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியாத பிடி. இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "என்ற புள்ள எங்க கண்ணு?"

நர்சிங் ஹோம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. புனேயில் ஒழுங்காக இறங்கியிருந்தால் மறுபடி ஆட்டோ, நெரிசல், சிக்னல் எல்லாம் தாண்டி வந்திருக்க வேண்டும். வாசலில் அந்த ஆட்டோ அப்படியே நின்றது. உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு ரேவதி அக்கா. ஒரு பக்கம் நர்ஸ் மராத்தியில் கெஞ்ச, மறுபக்கம் மூர்த்தி அண்ணன் தமிழில் கெஞ்ச, அவள் இரண்டு மொழியிலும் மாட்டேன் என்றுகொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கம்பியை விட்டாள். "இவ்வளவு நேரம் என்ன பண்ணுனே?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

6

வெளி பெஞ்சில் நாங்கள் மூன்று பேர், நடுவில் கார்த்தி. ஸ்டெல்லா வடாபாவ் வாங்கி வந்தாள். அவன் தொடவில்லை.

"என்ற ஸ்டாரெல்லாம் எடுத்துருங்க" என்றான்.

"எப்படி எடுக்கறது? முறுக்கு நிஜமாவே உடையாமத்தானே வந்துச்சு?" என்றேன். சொல்லிவிட்டு நானே யோசனையில் விழுந்தேன்.

யாரும் பொய் சொல்லவில்லை. முறுக்கு வாங்கியவர், பொடி வாங்கியவர், கொலுசு வாங்கியவர், எல்லாரும் சொன்னது உண்மை. அத்தனை உண்மைகளைக் கூட்டி வகுத்து நான் எடுத்த முடிவு மட்டும் லோணாவளாவுக்குப் போய்விட்டது. இது எப்படி?

கல்லூரியில் தமிழ் அளவைகளைப் படித்தது ஞாபகம் வந்தது. ஒன்றை நாம் அறிவதற்கு மூன்று வழிகள்: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது காண்டல். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று கொள்வது கருதல். விஷயம் தெரிந்த, பொய் சொல்லாத ஒருவர் சொன்னதை ஏற்பது உரை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது, மதிப்பெண் வாங்கியதும் மூட்டை கட்டியது. அது வடாபாவ் வாசனையோடு அவிழ்ந்து விழுந்தது.

"ஸ்டெல்லா, இணையத்துல காண்டலே கிடையாது. நம்ம யாரையும் நேர்ல பாக்கறதில்ல. எல்லாம் உரைதான். யாரோ சொல்றாங்க, நம்ம ஏத்துக்கறோம்."

"சரி."

"ஆனா நட்சத்திரம் உரை இல்ல. அது சராசரி. சராசரிக்கு வாய் ஏது? முறுக்க பத்திரமா கொண்டுவந்தான், அதனால அம்மாவையும் கொண்டுவருவான்னு போட்ட கணக்கு அது. கருதல். அந்தக் கணக்க நான் போட்டுட்டு, ஊரே சொல்லுதுன்னு காட்டிட்டேன்."

ஸ்டெல்லா மென்றுகொண்டே கேட்டாள். "மத்லப், பொகை தெரியிது, ஆனா அது எந்த அடுப்பு பொகைன்னு நீ காட்டல."

"அதேதான்!" நான் எழுந்தே நின்றுவிட்டேன். "யார் சொன்னது, எதைக் கொடுத்துட்டுச் சொன்னது, ரெண்டையும் அழிச்சிட்டு வெறும் பொகைய மட்டும் மின்ன வச்சிருக்கேன்."

"இதத்தான் நான் அன்னிக்கே சொன்னேன், பைக்கு வச்சி."

"சொன்னே. நான் சாம்பார் ஊத்திக்கிட்டேன்."

"ஏங்க, அப்ப நான் நல்லவனா கெட்டவனா?" என்றான் கார்த்தி பரிதாபமாக.

"அது கேள்வியே இல்ல கார்த்தி. எதுக்கு நல்லவருங்கறதுதான் கேள்வி."

அவன் வடாபாவை எடுத்தான். பாதி தின்றுகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. மூர்த்தி அண்ணன் ஓடிவந்து, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல், முறுக்கு டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெண் குழந்தை.

அந்த ஞாயிறு நட்சத்திரங்களை எல்லாம் இறக்கினோம். அவற்றின் இடத்தில் இரண்டே கேள்விகள் வைத்தோம். எதை ஒப்படைத்தீர்கள்? என்ன ஆயிற்று? சொன்னவரின் பெயர் கூடவே வரும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் சொன்னது மேலே, தெரியாதவர் சொன்னது கீழே. கூட்டல், வகுத்தல் எதுவும் கிடையாது. கருத வேண்டியதைப் படிக்கிறவரே கருதிக்கொள்ளட்டும்.

யாரும் எழுத மாட்டார்கள் என்று பயந்தேன். நடந்ததோ நேர்மாறு. நாலு நட்சத்திரம் போடக் கூசிய அதே மனிதர்கள், நடந்ததைச் சொல்லச் சொன்னதும் பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். மதிப்பெண் போட்டால் உறவு கெடும், கதை சொன்னால் கெடாது. பிம்பிரிக்காரர் பழைய ஊறுகாயைப் பற்றி ஆசை தீர எழுதினார். எழுதப்பட்டவனே அதைப் படித்துவிட்டுச் சிரித்து, அடுத்தமுறை பாட்டில் மூடிக்கு மேல் பாலித்தீன் கட்டிக் கொண்டுவந்தான்.

கார்த்தியைப் பற்றிய முதல் உரை சரஸ்வதி அம்மா வாயால் வந்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொல்ல, ரேவதி அக்கா தட்டச்சு செய்தாள். எதை ஒப்படைத்தீர்கள்? "என்னையத்தானுங்க." என்ன ஆயிற்று? "தம்பி தங்கமான தம்பிங்க. பெத்த அம்மாளாட்டப் பாத்துக்குச்சு. தூக்கந்தான் கொஞ்சம் சாஸ்திங்க. மூட்டை முடிச்சு தாராளமாக் குடுத்தனுப்பலாம். பெரியவங்க கூடப் போறதா இருந்தா, எறங்கற எடத்துல நீங்கதான் தம்பிய எழுப்போணும்."

கார்த்தி அதை அச்செடுத்துத் தன் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறான். நட்சத்திரம் இருந்த காலத்தில் அவன் எதையும் ஒட்டியதில்லை.

7

இப்போது கடைசி விஷயம், நேற்று வந்த பிழை.

சரஸ்வதி அம்மா போன வருடம் பேத்திக்கு உட்காரத் தெரியும்வரை இருந்துவிட்டு ஊருக்குப் போனார். பிறந்தநாளுக்காக நேற்று மறுபடி வந்து இறங்கினார், கார்த்தியோடுதான். யாரைத் துணைக்குப் போடலாம் என்று ரேவதி அக்கா கேட்டதற்கு, "அந்தத் தம்பிதான் வேணும். பாவம், தனியா வந்தா எங்க போய் எறங்குமோ" என்றாராம்.

வந்து சேர்ந்ததும் இருவர் பக்கமிருந்தும் பதிவு வந்தது. யார் யாருக்குத் துணை என்ற இடத்தில், தனக்குத் துணையாக வந்தவர் கார்த்தி என்று ரேவதி அக்காவைக் கொண்டு அம்மா போட்டிருந்தார். தனக்குத் துணையாக வந்தவர் அம்மா என்று கார்த்தி போட்டிருந்தான். நான் எழுதிய நிரல் திணறி நின்றது. ஒரு பயணத்தில் ஒருவர்தான் துணை, மற்றவர் துணை பெறுகிறவர் என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு அது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்ததால் யோசிக்கக்கூட இல்லை.

ஸ்டெல்லா இன்று காலை பிழையைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "சலோ, சொல்லு தத்துவம். ரெண்டுல எது உண்மை? அத வச்சிக்கினு இன்னொண்ண தூக்கிடறேன்."

பதிவுகளைப் படித்தேன். கார்த்தியுடையது: "எதை ஒப்படைத்தீர்கள்? என்னை. என்ன ஆயிற்று? சோலாப்பூரில் எழுப்பினார்கள். தவுண்டில் எழுப்பினார்கள். புனேயில் எழுப்பி, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடச் சொல்லி இறக்கினார்கள்." அம்மாவுடையது: "எதை? என்னையும் ரெண்டு டின்னையும். என்ன ஆயிற்று? சுகமா வந்து சேந்தனுங்க. முறுக்கு ஒண்ணுகூட உடையலைங்க."

"ரெண்டும் உண்மை" என்றேன்.

"அப்ப தப்பு எது?"

"நான் எழுதுன வரி."

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "உண்மை, பொய், மூணாவது கெடையாதுன்னு சொல்லித்தான வேலை வாங்கினே?"

"வேலை கிடைச்சிருச்சு இல்ல, இனிமே யோசிக்கலாம்."

"அந்த வரிய எடுத்தா வேற எதுனா ஒடஞ்சா?"

"எடுத்துப் பாப்போம்."

இதோ, இந்த வண்டியில் உட்கார்ந்துதான் அதை அழித்தேன். அழித்துவிட்டு இரண்டு பதிவுகளையும் மறுபடி ஓடவிட்டேன். ஒன்றும் உடையவில்லை. திரையில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. உடனே ஸ்டெல்லாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அவள் பதில்: "நாளைக்குக் கேசரியில எனக்கு முந்திரி ஜாஸ்தி."

ஓட்டுநர் டீ குடித்து முடித்து வந்துவிட்டார். வண்டி நகர்கிறது. கிரிக்கெட் பேசியவர்கள் வண்டி நிற்கும்போதே இறங்கி நடந்துபோய்விட்டார்கள். முன் இருக்கைக்காரர் இன்னும் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறார். பாணேர் நெருங்குகிறது. எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். அவரை எழுப்ப வேண்டும்.